நீர் கொதித்து ஆவியாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் விடைகளும்

அடுப்பில் வைத்த நீர் சூடேறுகிறது, கொதிக்கிறது, ஆவியாகிக் காற்றில் கலந்து மறைகிறது. நாள்தோறும் நம் கண்முன் நடக்கும் இந்த நிகழ்வுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஏழரை மடங்குக்கும் மேலான வெப்பம், கொதித்த நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. அந்த வெப்பம் வீணாவதில்லை. நீராவியோடு சேர்ந்து போகிறது, அந்த ஆவி எங்கே மீண்டும் நீராகிறதோ அங்கே வெளிப்படுகிறது. இட்லி வேகுவது, நீராவி பட்டால் தோல் வெந்துபோவது, மண்பானை நீர் குளிர்வது எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கணக்குதான். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை அதையே வெவ்வேறு இடங்களில் காட்டுகின்றன.

நீரைச் சூடாக்கும்போது அதனுள் உண்மையில் என்ன நடக்கிறது?

நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் முனை பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்ப்பதால் உண்டாகும் பிணைப்பை ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறோம். நீர் திரவமாக இருக்கும்போது இந்தப் பிணைப்புகள் நொடிக்கு நொடி அறுந்தும் புதிதாக உருவாகியும் கொண்டிருக்கின்றன. சூடாக்கும்போது மூலக்கூறுகளின் இயக்கம் வேகமெடுக்கிறது. அந்த வேகம் கூடுவதைத்தான் வெப்பமானி நமக்கு டிகிரிகளாகக் காட்டுகிறது. போதிய ஆற்றல் பெற்ற மூலக்கூறு தன்னைச் சுற்றியுள்ளவற்றின் ஈர்ப்பிலிருந்து முழுவதும் விடுபட்டு வெளியேறினால் அது நீராவி.

இங்கே அறுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு மட்டுமே, மூலக்கூறு உடைவதில்லை. கொதிக்கும் நீரிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனி வாயுக்களாகப் பிரிந்து வருவதாக மாணவர்கள் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. பாத்திரத்தில் இருந்ததும் நீர்தான், ஆவியில் இருப்பதும் அதே நீர்தான்.

ஆவியாதலும் கொதித்தலும் ஒன்றா?

இல்லை. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நடக்கும். நீரின் மேற்பரப்பில் மட்டும் நடக்கும். கொடியில் போட்ட ஈரத்துணி காய்வதும், தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தியில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு விளைவதும் கொதிக்காமல் நடக்கும் ஆவியாதலே. கொதித்தல் என்பது நீரின் உட்பகுதியிலேயே ஆவிக்குமிழ்கள் தோன்றி வளர்ந்து மேலே வந்து வெடிப்பது. அதற்கு ஒரு கட்டாய நிபந்தனை உண்டு.

நீருக்கு ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு குறிப்பிட்ட ஆவி அழுத்தம், அதாவது அதிலிருந்து பிரியும் ஆவி செலுத்தும் அழுத்தம், இருக்கிறது. 30 டிகிரியில் அது ஏறத்தாழ 4.2 கிலோபாஸ்கல், 60 டிகிரியில் ஏறத்தாழ 20, 80 டிகிரியில் 47, 100 டிகிரியில் 101.3. கடல் மட்டத்தில் வளிமண்டலம் நீரின் மேல் செலுத்தும் அழுத்தமும் ஏறத்தாழ 101.3 கிலோபாஸ்கல்தான். நீருக்குள் ஓர் ஆவிக்குமிழ் தோன்றினாலும், அதன் உள் அழுத்தம் வெளியழுத்தத்துக்குக் குறைவாக இருக்கும்வரை அது நசுங்கிப் போகும். இரண்டும் சமமாகும் வெப்பநிலையில்தான் குமிழ் நிலைத்து வளர முடியும். அதுவே கொதிநிலை. ஆகவே 100 டிகிரி என்பது நீரோடு பிறந்த மாறாத எண் அன்று. வெளியழுத்தம் மாறினால் அதுவும் மாறும்.

கொதிப்பதற்கு வெகு முன்பே பாத்திரத்தின் அடியில் தோன்றும் சிறு குமிழ்கள் எவை? அந்த "சொய்ங்" என்ற ஓசை எதனால் வருகிறது?

ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் குழாய் நீரை ஊற்றி, மூடாமல், மிதமான தீயில் வைத்துப் பக்கத்திலேயே நின்று பார்ப்பது இந்தப் பக்கத்தைப் படிப்பதைவிடப் பயனுள்ளது. கை பொறுக்கும் சூடு தாண்டியவுடன் பாத்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் கடுகைவிடச் சிறிய குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இவை நீராவி அல்ல. நீரில் கரைந்திருந்த காற்று. நீர் சூடேறச் சூடேற அதில் வாயுக்கள் கரைந்திருக்கும் அளவு குறைவதால் காற்று பிரிந்து வருகிறது. ஒருமுறை கொதித்து, மூடி ஆறிய நீரை உடனே மீண்டும் சூடாக்கினால் இந்தக் குமிழ்கள் மிகக் குறைவாகவே தோன்றுவதைக் காணலாம்.

நீர் 80, 90 டிகிரியை எட்டும்போது காட்சி மாறுகிறது. தீ படும் அடிப்பரப்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் மட்டும் 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அங்கே உண்மையான ஆவிக்குமிழ்கள் பிறக்கின்றன. ஆனால் அவை அடியைவிட்டுக் கிளம்பியவுடன் மேலே இருக்கும் சூடு குறைந்த நீரில் பட்டு, உள்ளிருக்கும் ஆவி நீராக மாற, நொடியில் நசுங்கிவிடுகின்றன. ஆயிரக்கணக்கான குமிழ்கள் இப்படி இடைவிடாமல் நசுங்கும்போது எழும் அதிர்வுதான் நாம் கேட்கும் ஓசை. நீர் முழுவதும் கொதிநிலையை அடைந்தபின் குமிழ்கள் நசுங்காமல் மேற்பரப்புவரை வந்துவிடுவதால் அந்த இரைச்சல் தணிந்து, தளதளவென்ற மென்மையான ஒலியாகிறது. சமையலறையில் பழகியவர்கள் பாத்திரத்தைத் திறக்காமலே, ஓசை இறங்குவதை வைத்தே உலை கொதித்துவிட்டது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

கொதித்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் நீரின் சூடு ஏறாதது ஏன்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிக முக்கியமானது இது. கொதிநிலையை எட்டியபின் அடுப்பு தரும் வெப்பம் முழுவதும் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வெளியேற்றுவதற்கே செலவாகிறது. இயக்கத்தின் வேகத்தைக் கூட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே வெப்பமானி 100 டிகிரியிலேயே நிற்கிறது. வெப்பமானியின் கண்ணுக்குத் தப்பும் இந்த வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிவியலாளர் ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, சீரான தீயில் வைத்த நீர் கொதிநிலையை எட்ட எடுக்கும் நேரத்தையும், பின்பு அது முழுவதும் ஆவியாக எடுக்கும் நேரத்தையும் அவர் ஒப்பிட்டார். பின்னது பன்மடங்கு நீண்டதாக இருந்தது. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதை ஒரு தீயையும் ஒரு கடிகாரத்தையும் கொண்டு நிறுவிய இந்தச் சோதனை, என் பார்வையில், அறிவியல் வரலாற்றின் மிக அழகான சோதனைகளில் ஒன்று.

இன்றைய அளவுகளில் கணக்கிடுவோம். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல். அதே ஒரு கிலோவை 100 டிகிரியில் முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல். 1,500 வாட் மின்கெட்டிலில் ஒரு லிட்டர் நீரை வைத்தால், பக்கங்களில் வீணாகும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மூன்றேகால் நிமிடத்தில் கொதித்துவிடும். முழுவதும் வற்றுவதற்கோ அதன்பின் இன்னும் 25 நிமிடங்கள் ஆகும்.

சமையலுக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் நேரடியானது. திறந்த பாத்திரத்தில் காய்கறி வேகும்போது, மெல்லக் கொதிக்கும் நீரும் பொங்கிப் புரண்டு கொதிக்கும் நீரும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. தீயைக் கூட்டுவதால் காய் விரைவில் வேகாது; நீர் விரைவில் வற்றும், எரிவாயு கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. கொதி வந்தபின் தீயைக் குறைத்து, பாத்திரத்தை மூடிவைப்பதே சிக்கனம். மூடி ஆவியைத் தடுக்கும்போது, ஆவியோடு போயிருக்கக்கூடிய அந்தப் பெரும் வெப்பத்தையும் சேர்த்தே தடுக்கிறது.

கெண்டியின் வாயிலிருந்து வெண்மையாக வெளிவருவது நீராவிதானே?

அன்று. நீராவி நிறமற்றது, கண்ணுக்குத் தெரியாதது. நீர் நன்றாகக் கொதிக்கும் கெண்டியின் மூக்கைக் கவனித்தால், வாயை ஒட்டிச் சிறிது தூரம் ஒன்றுமே இல்லாதது போலத் தெளிவாக இருப்பதும், அதற்கப்பால்தான் வெண்புகை தொடங்குவதும் தெரியும். தெளிவாகத் தெரியும் அந்த இடைவெளியில் இருப்பதே நீராவி. அது வெளிக்காற்றில் பட்டுக் குளிர்ந்து மிக நுண்ணிய நீர்த்துளிகளாக மாறும்போது, அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றுகிறது. இன்னும் சற்று மேலே போனால் அத்துளிகளும் ஆவியாகிக் காற்றில் கலந்துவிட, வெண்மை மறைகிறது. படங்களில் அந்த வெண்புகைக்கு அம்புக்குறி இட்டு "நீராவி" என்று எழுதும் வழக்கத்தைப் பாடநூல்கள் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கை சுட்டுக்கொள்ளும் இடம், குறி இடப்படாத அந்தத் தெளிவான இடைவெளிதான்.

ஒரு லிட்டர் நீர் ஆவியானால் எவ்வளவு இடத்தை அடைக்கும்?

வளிமண்டல அழுத்தத்தில், 100 டிகிரியில், ஒரு கிலோ நீராவி ஏறத்தாழ 1,670 லிட்டர் இடத்தைக் கொள்கிறது. ஒரு சொம்பு நீர் ஒரு சிறு குளியலறையின் பெரும்பகுதியை நிரப்பிவிடும் என்று கொள்ளலாம்.

நீராவி இயந்திரங்களின் வரலாறு இந்த விரிவையும், அதன் மறுபக்கமான சுருக்கத்தையும் பற்றியதே. 1712இல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்க அமைத்த இயந்திரம், ஆவி தள்ளும் விசையால் வேலை செய்யவில்லை. உருளைக்குள் ஆவியை நிரப்பி, அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினார்கள். ஆவி நீராகிச் சுருங்க, உள்ளே ஏற்பட்ட வெற்றிடத்தை நோக்கி வெளிக்காற்று உந்துதண்டை (பிஸ்டனை) அழுத்தியது. ஒவ்வொரு முறையும் உருளையே குளிர்ந்துபோய், அதை மீண்டும் சூடாக்க ஏராளமான ஆவி வீணாயிற்று. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த இந்த இயந்திரத்தின் மாதிரியைப் பழுதுபார்க்க வந்த ஜேம்ஸ் வாட், இவ்வளவு ஆவி ஏன் வீணாகிறது என்று ஆராய்ந்தார். 1765இல் ஆவியைத் தனிக் கலனில் குளிர்விக்கும் வழியைக் கண்டு, 1769இல் காப்புரிமை பெற்றார்.

பிற்கால ரயில் எஞ்சின்களில் உயர் அழுத்த நீராவியே உந்துதண்டைத் தள்ளியது. 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகமண்டலம் வரையும் ஓடத் தொடங்கி, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான நீலகிரி மலை ரயிலில், மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே, பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி ஏறும் சரிவில், நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னிருந்து தள்ளிக்கொண்டு ஏறுவதை இன்றும் பார்க்கலாம்.

ஊட்டியில் பருப்பு வேக நேரமாவது ஏன்?

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அழுத்தம் குறைவு என்பதால் நீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. லடாக்கின் லே நகரில், ஏறத்தாழ 3,500 மீட்டரில், 88 டிகிரி. எவரெஸ்டின் உச்சியில் 70 டிகிரியை ஒட்டி. நீர் கொதிப்பது தெரிகிறதே தவிர, அதன் சூடு குறைவு. திறந்த பாத்திரத்தில் வேகும் பருப்புக்கு அந்த ஏழெட்டு டிகிரி பெரிய இழப்பு. மலையூர்களில் குக்கர் வசதிக்கான பொருள் மட்டுமன்று, தேவையும்கூட.

பிரஷர் குக்கருக்குள் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது?

வீடுகளில் உள்ள குக்கர்களின் வெயிட் பொதுவாக வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. உள்ளே மொத்த அழுத்தம் வெளியே இருப்பதைப் போல இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி இருக்கும். வேதிவினைகள் பலவும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தோராயமாக இரு மடங்கு வேகம் கொள்வதால், 20 டிகிரி கூடும்போது வேகும் நேரம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த வழியை முதலில் காட்டியவர் பிரான்ஸில் பிறந்த டெனிஸ் பாப்பின். 1679இல் லண்டனில் அவர் செய்துகாட்டிய இறுக மூடிய கலம் எலும்பையும் மென்மையாக்கியது. மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளை 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவும் இதே முறையில் இயங்குகிறது.

விசில் வந்தபின் தீயைச் சிம்மில் வைத்தாலும் உள்ளே சூடு குறைவதில்லை. வெயிட் இலேசாக அசைந்து ஆவியை விட்டுக்கொண்டிருந்தால் அழுத்தம் முழு அளவில் இருக்கிறது என்று பொருள். விசிலின் எண்ணிக்கை சூட்டின் அளவு அன்று. பெருந்தீயில் ஐந்து விசில் விரைவில் வந்துவிடும், பருப்போ வெந்திருக்காது. நேரத்தைக் கணக்கிடுவதே சரியான முறை.

அழுத்தம் இறங்குமுன் மூடியைத் திறப்பது மிகவும் ஆபத்தானது. உள்ளே 120 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீர், அழுத்தம் திடீரென விலகியவுடன் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அந்த 20 டிகிரியின் வெப்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறத்தாழ 37 கிராம் நீரை ஆவியாக்குகிறது. அதன் பருமன் 60 லிட்டருக்கு மேல். குழம்பையும் பருப்பையும் கூரைவரை வாரியடிப்பது அந்த ஆவிதான். ஒவ்வொரு முறையும் மூடியைப் போடுமுன் ஆவிக்குழாயின் துளையில் பருப்புத்தோல் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, அரை நிமிடம்கூட எடுக்காத ஆனால் தவறவே கூடாத வேலை.

கொதிநீரைவிட நீராவி கையை மோசமாகச் சுடுவது ஏன்? அதே ஆவியில் இட்லி ஏன் இவ்வளவு சீராக வேகிறது?

இரண்டும் ஒரே கேள்விதான். 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீர் தோலில் பட்டு உடலின் 37 டிகிரிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 264 ஜூல் வெப்பத்தைத் தருகிறது. 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் ஆவியோ முதலில் நீராக மாறும்போதே 2,257 ஜூலைத் தோலுக்குள் இறக்கிவிட்டு, பிறகு அந்த 264 ஜூலையும் தருகிறது. மொத்தம் ஒன்பது மடங்குக்கும் மேல். ஆவி பட்ட இடத்தை உடனே ஓடும் குழாய் நீரில், சுமார் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டியோ பற்பசையோ தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இட்லிக் குண்டானில் இதே வெப்பம் நமக்கு நன்மை செய்கிறது. ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த மாவின் மேற்பரப்பைத் தேடிச் சென்று, அங்கே நீராகி, தன் வெப்பத்தை இறக்குகிறது. எங்கே சூடு குறைவாக இருக்கிறதோ அங்கே கூடுதல் ஆவி நீராவதால், எல்லாக் குழிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெந்துவிடுகின்றன. எந்த இட்லியும் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே கருகாது, பொருபொருக்காது. அதே 100 டிகிரியில் உலர்ந்த காற்று உள்ள அடுப்புப்பெட்டிக்குள் அந்த மாவை வைத்தால், நேரமும் பன்மடங்காகும், மேற்புறமும் வறண்டு வெடிக்கும். மாவை வைக்குமுன் நீர் கொதித்து ஆவி நிறைந்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவது காரணமுள்ளது: பாத்திரத்துக்குள் காற்று மிஞ்சியிருந்தால் அது ஆவியை மாவின்மேல் படவிடாமல் இடையில் நிற்கும்.

உப்பு போட்டால் நீர் சீக்கிரம் கொதிக்குமா?

கொதிக்காது, சற்றே தாமதமாகத்தான் கொதிக்கும். ஆனால் சமையலில் அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று: ஒரு லிட்டர் நீரில் 58 கிராம் உப்பைக் கரைத்தால்தான் கொதிநிலை ஒரு டிகிரி உயரும். கொதிக்கும் நிலையில் உள்ள நீரில் உப்பைப் போட்டவுடன் பொங்கி எழுவதற்குக் காரணம், உப்புத்துகள்களின் முனைகளில் குமிழ்கள் எளிதாகப் பிறப்பதே.

சர்க்கரையின் கதை வேறு. பாகு காய்ச்சும்போது நீர் வற்ற வற்ற, கரைந்திருக்கும் சர்க்கரையின் செறிவு பெருகி, கொதிநிலையும் தொடர்ந்து ஏறுகிறது. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று நாம் விரலால் அறிவது உண்மையில் அந்த வெப்பநிலை ஏற்றத்தையே. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் பாகு இறக்கும் தருவாயில் 118 டிகிரியை ஒட்டி இருக்கும்; அடிப்பிடித்துக் கருகும் ஆபத்தும் அதனால்தான். சர்க்கரை ஆலைகள் இந்தச் சிக்கலைத் தவிர்க்க, 1813இல் இங்கிலாந்தில் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் காப்புரிமை பெற்ற வெற்றிடக் கலன் முறையைக் கையாள்கின்றன. காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால் கரும்புப்பாகு குறைந்த சூட்டிலேயே கொதித்து, நிறம் மாறாமல் படிகமாகிறது.

காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உடனே வற்றாமல் உருண்டு ஓடுவது ஏன்?

கல் 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியிருக்கும்போது நீரைத் தெளித்தால், துளி கல்லில் படர்ந்து "சுர்" என்று உடனே ஆவியாகும். கல் மேலும் காய்ந்து 200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ போய்விட்டால், துளியின் அடிப்புறம் கல்லைத் தொடுமுன்னரே ஆவியாகி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு தடிப்புள்ள ஆவிப்படலம் உண்டாகிறது. துளி அந்தப் படலத்தின்மேல் மிதக்கிறது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் துளி பல நொடிகள் வற்றாமல், பாதரசம் போல உருண்டு, கல்லின் ஓரத்துக்கு ஓடுகிறது. அதிகச் சூடுள்ள கல்லில் துளி நெடுநேரம் நிலைக்கிறது என்பது முதலில் வியப்பாகத் தோன்றும். ஜெர்மனி நாட்டு மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756இல் இதை ஆராய்ந்து எழுதியதால், இந்த விளைவு அவர் பெயரால் வழங்குகிறது.

தோசை வார்ப்பவருக்கு இது ஒரு நல்ல அடையாளம். துளி உருண்டோடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. அப்போது மாவு பரத்த வராமல் கரண்டியோடு சுருண்டு வரும். நீரை இன்னும் சற்றுத் தெளித்துத் துடைத்தால், ஆவியாகும் நீர் கல்லின் வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். துளி படர்ந்து சுர்ரென்று வற்றும் பதத்துக்குக் கல் வந்தபின் மாவை ஊற்றலாம்.

மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிய நீர், தேயிலைத்தூளைப் போட்டவுடன் பொங்கிச் சீறுவது உண்மையா?

உண்மை; கவனமாக இருக்க வேண்டிய ஒன்று. குமிழ் பிறக்க ஒரு தொடக்க இடம் வேண்டும்: பாத்திரத்தின் கீறல், ஒட்டியிருக்கும் காற்று, ஒரு தூசு. வழவழப்பான கண்ணாடிக் குவளையில், ஏற்கெனவே ஒருமுறை கொதித்து ஆறிய நீரை மைக்ரோவேவில் சூடாக்கினால், குமிழ் பிறக்க இடமின்றி நீர் 100 டிகிரியைத் தாண்டியும் அமைதியாக நிற்கக்கூடும். அதில் தூளோ கரண்டியோ பட்டவுடன் சேர்ந்திருந்த மிகைவெப்பம் முழுவதும் ஒரே நொடியில் ஆவியாக வெடித்து, கொதிநீரை முகத்தில் அடிக்கும். சூடாக்குமுன் குவளையில் ஒரு மரக்குச்சியைப் போட்டுவைப்பதும், எடுக்குமுன் ஒரு நிமிடம் பொறுப்பதும் இதைத் தடுக்கும்.

மண்பானையில் நீர் குளிர்வதும் ஆவியாதலால்தானா?

ஆம். பானையின் நுண்துளைகள் வழியே வெளிப்புறத்துக்குக் கசியும் நீர் அங்கே ஆவியாகிறது. 30 டிகிரியில் ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வேண்டும். அடுப்பு இல்லாத இடத்தில் அந்த வெப்பத்தைப் பானையும் உள்ளிருக்கும் நீரும் தருகின்றன. பத்து லிட்டர் நீரில் நூறு மில்லி ஆவியானாலே, வெளியிலிருந்து வெப்பம் வராவிட்டால், மீதி நீரின் சூடு ஆறு டிகிரி அளவுக்குக் குறையும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மந்தப்படும். அதனால் கோடையில் மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் பானை நன்றாகக் குளிர்விக்கிறது, கடற்கரையை ஒட்டிய சென்னையில் அவ்வளவு குளிர்விப்பதில்லை. நம் வியர்வைக்கும் இதே விதிதான். பானையை நிழலில், காற்று படும் இடத்தில், மணல்மேல் வைப்பதுதான் சரி. வெளிப்புறத்துக்கு வண்ணம் பூசினால் துளைகள் அடைபட்டு, குளிர்ச்சி போய்விடும்.

எண்ணெயில் தீப்பிடித்தால் நீர் ஊற்றலாமா?

ஒருபோதும் கூடாது. நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் இறங்குகிறது; அங்கே 300 டிகிரியைத் தாண்டிய எண்ணெயின் நடுவே நொடியில் ஆவியாகி, முன்பு சொன்னபடி ஆயிரத்தறுநூறு மடங்குக்கும் மேலாக விரிந்து, எரியும் எண்ணெயைத் துளித்துளியாகக் காற்றில் வீசுகிறது. ஒரு டம்ளர் நீர் போதும், சமையலறையே தீக்கோளமாகிவிடும். அடுப்பை அணைத்து, வாணலியை ஒரு தட்டால் மூடி, ஆறும்வரை தொடாமல் விட வேண்டும்.

நீரைக் கொதிக்கவிடாமலே 100 டிகிரிக்கு மேல் சூடாக்க முடியுமா?

முடியும்; போதிய அழுத்தம் கொடுத்தால். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் உலைக்குள் நீர் 300 டிகிரிக்கு மேல் சூடேறியும் கொதிப்பதில்லை, ஏனெனில் அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்குக்கும் மேல். அந்த நீர் தன் வெப்பத்தை வேறொரு சுற்றில் குறைந்த அழுத்தத்தில் ஓடும் நீருக்குத் தர, அந்த இரண்டாம் நீரே ஆவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது. இதற்கு மாறாக, 1969இலிருந்து மின்சாரம் தந்துவந்த தாராப்பூர் அணுமின் நிலையத்தின் முதல் இரு அலகுகளில் உலைக்குள்ளேயே நீரைக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியையே டர்பைனுக்கு அனுப்பினார்கள்.

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லை வருகிறது. 374 டிகிரி, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 218 மடங்கு: இதை மாறுநிலைப் புள்ளி என்கிறோம். அங்கே நீருக்கும் ஆவிக்கும் இடையிலான வேறுபாடே மறைந்துவிடுகிறது. உள்ளுறை வெப்பம் சுழியாகிறது. குமிழ் இல்லை, கொதித்தல் இல்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் நிலை போன்ற புதிய அலகுகள் இந்த எல்லைக்கு மேலான அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. அதே மின்சாரத்துக்கு நிலக்கரி குறைவாகச் செலவாகிறது என்பதே அதன் ஆதாயம்.

குடிநீரை எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும்? கொதித்த நீர் முழுத் தூய்மையானதா?

நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலான மலையூர்களில் கொதிநிலை குறைவாக இருப்பதால் மூன்று நிமிடம். நோய்தரும் பாக்டீரியாக்களும் வைரஸ்களும் அதில் அழியும். அதன்பின் அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட வேண்டும். கையையோ டம்ளரையோ உள்ளே விடக் கூடாது.

கரைந்திருக்கும் உப்புகள் கொதிப்பதால் நீங்குவதில்லை. ஆவியாகி வெளியேறுவது நீர் மட்டுமே. கால்சியம் உப்பின் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவாகப் படியும். ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவையோ மிஞ்சிய நீரிலேயே தங்கி, நீர் வற்றும் அளவுக்கு அவற்றின் செறிவு கூடும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணற்று நீரை நெடுநேரம் கொதிக்கவைத்துக் குடிப்பது பல்லையும் எலும்பையும் காக்காது. அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதே தீர்வு.